பொறி கட்டியும் காய் சொத்தையாகிறதா? குறை எங்கே என்று தேடும் வழி

கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் உரக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது: "லூரு வாங்கிக் கட்டிப் பாத்தாச்சுங்க. ஒண்ணும் ஆவல. எல்லாம் டூப்ளிகேட்டு."

லூர் என்பது பூச்சியைப் பொறிக்கு இழுக்க உள்ளே வைக்கும் வாசனைச் சரக்கு. அதில் போலி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைவிட அதிகமாகக் கண்ணில் படுவது வேறு: நல்ல லூரைப் பொருந்தாத பொறியில், பொருந்தாத உயரத்தில், வேறு ஏதோ பூச்சிக்கு, காலம் கடந்து கட்டியிருப்பார்கள். லூர் வைத்த இந்த இனக்கவர்ச்சிப் பொறியின் முதல் வேலை வயலில் பூச்சி எவ்வளவு என்று கணக்கு சொல்வது. நெருக்கமாக, நிறையக் கட்டினால்தான் அது பூச்சியைக் குறைக்கும். ஏக்கருக்கு 5 கட்டிவிட்டுப் பூச்சி ஒழியவில்லை என்றால் அந்த 5 பொறியின் மீது குற்றமில்லை.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பொறியில் என்ன நடக்கிறதோ நேரே அந்த இடத்துக்குப் போகலாம். ஒரே நிபந்தனை, பொறியைப் பார்க்கும் அதே நாளில் செடியையும் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

பொறியில் ஒரு பூச்சிகூட இல்லை

கத்திரியை எடுத்துக்கொள்வோம். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கத்திரி பழைய பயிர். பாலூர் 1, பாலூர் 2 என்று ரகமே உண்டு. தண்டையும் காயையும் குடையும் காய்த்துளைப்பான் புழுவும் கூடவே உண்டு. பொறி காலி என்றால் உடனே லூரைக் கழற்ற வேண்டாம். வயலுக்குள் குறுக்கே நடந்து இருபது செடியைப் பாருங்கள். நுனிக் குருத்து வாடித் தொங்குகிறதா? அதைக் கிள்ளிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கிறதா? இருந்தால் அந்துப்பூச்சி வயலில் நடமாடியிருக்கிறது, உங்கள் பொறிதான் பிடிக்கவில்லை. குருத்தெல்லாம் சுத்தமாக இருந்தால் காலிப் பொறி உண்மையைச் சொல்கிறது, சந்தோஷப்படுங்கள். அந்த வாரம் மருந்தடிக்காமல் மிச்சமாகும் காசு பொறி வாங்கிய காசை ஈடுகட்டும்.

குருத்து வாடியிருக்கிறது, பொறி காலி. இப்போது வரிசையாகத் தேடலாம்.

உறையின் பெயரைப் படியுங்கள். கத்திரிக் காய்த்துளைப்பானுக்கு லூசின் லூர். புகையிலை வெட்டுப்புழுவுக்கு ஸ்போடோ லூர். பச்சைக் காய்ப்புழுவுக்கு ஹெலி லூர். மா, கொய்யாப் பழ ஈக்கு மிதைல் யூஜினால். பாகல், புடலை, பீர்க்கு, பூசணி ஈக்கு கியூ லூர். தென்னைக் காண்டாமிருக வண்டுக்கு ரைனோ லூர். சிவப்புக் கூன்வண்டுக்கு ஃபெர்ரோ லூர். கடையில் எல்லாம் ஒரே டப்பாவில் கிடக்கும், உறையில் தமிழும் இருக்காது. "பழ ஈக்குக் குடுங்க" என்று கேட்டால் மிதைல் யூஜினால்தான் கைக்கு வரும். அதைக் கொண்டுபோய்ப் பாகல் பந்தலில் கட்டினால் பாகல் ஈ திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு அந்த வாசனையே பொருட்டில்லை. பந்தல் காய்கறிக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அடுத்து பொறியின் வகை. நீளமான பாலிதீன் பை தொங்கும் புனல் பொறி பெரிய, கனத்த அந்துப்பூச்சிகளுக்கானது. வெட்டுப்புழு, காய்ப்புழு, படைப்புழு ஆகியவற்றின் பூச்சிகள் அதில் விழுந்தால் மேலே ஏறி வரத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும். கத்திரித் துளைப்பானின் பூச்சி சின்னது, வெள்ளையில் பழுப்பும் இளஞ்சிவப்புமாகத் திட்டுகள் இருக்கும். அதற்குப் பசை அட்டை வைத்த முக்கோண டெல்டா பொறியோ சோப்புத் தண்ணீர்ப் பொறியோதான் சரி. கடைக்காரர் புனல் பொறியோடு சேர்த்துக் கொடுத்தார் என்பதற்காக அதிலேயே லூசினைத் தொங்கவிட்டால் பூச்சி வந்து சுற்றிவிட்டுப் போகும்.

உயரம். கத்திரியில் பொறி செடியின் மேல்மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை மீட்டர் மேலே போனாலும் கீழே போனாலும் விழுவது குறைகிறது என்று வயல் ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். நட்ட வாரத்தில் கட்டிய பொறியைச் செடி மூடிய பிறகும் அதே குச்சியில் அதே உயரத்தில் விட்டிருப்போம். அதனால் முடிச்சை ஏற்றி இறக்கும்படி கட்டுங்கள். பந்தல் பயிரில் காய் தொங்கும் மட்டம், மாமரத்தில் நிழலுள்ள கிளை. உச்சி வெயிலில் காயும் பொறியில் லூர் சீக்கிரம் ஆவியாகிவிடும்.

காற்று. இதை யாரும் யோசிப்பதில்லை. ஆண் பூச்சி காற்றில் வரும் வாசனையை எதிர்த்துப் பறந்துதான் பொறிக்கு வருகிறது. கடலோரத்தில் பகலில் கிழக்கேயிருந்து கடற்காற்று அடிக்கும், அதை வைத்து நாம் திசையை முடிவு செய்துவிடுகிறோம். அந்துப்பூச்சி பறப்பதோ இரவில். இரவில் பல நாள் காற்று மேற்கேயிருந்து, நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். ஆக, வயலின் கிழக்கு ஓரத்தில் மட்டும் பொறி கட்டியிருந்தால் வாசனை அடுத்தவர் வயலுக்குப் போகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி வரப்பில் நின்று புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பொறிகள் வயல் முழுக்கப் பரவலாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கடைசியாகத்தான் லூரின் உயிர். கத்திரி, வெட்டுப்புழு லூர்கள் பெரும்பாலும் ரப்பர் குப்பியில் ஊறவைத்தவை. மாதம் ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். அக்னி நட்சத்திர வெயிலில், விருத்தாசலம், நெய்வேலி பக்கத்துச் சூட்டில், அவ்வளவு நாள் தாங்கும் என்று நம்ப வேண்டாம். வாங்கியதை வண்டிப் பெட்டியில் வெயிலில் போட்டுவைத்தாலும், தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் வைத்தாலும் கட்டும் முன்பே பாதி போய்விடும். உறை பிரிக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், வகை வகையாகத் தனித்தனி டப்பாவில். கட்டும்போது கைக்கு ஒரு சின்ன பாலிதீன் உறை போதும். மிதைல் யூஜினால் தொட்ட கையால் மற்ற லூரைத் தொட்டால் வாசனை கலந்துவிடும், மருந்து தொட்ட கையும் ஆகாது.

லூர் செத்ததா, இருக்கிறதா என்று சோதிப்பது

மூக்கால் முகர்ந்து பார்த்து "வாசனையே இல்ல" என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அந்துப்பூச்சி லூருக்கு நம் மூக்குக்கு எட்டுகிற வாசனை பெரும்பாலும் இருக்காது, இருக்கிற அளவே மில்லிகிராம் கணக்கு. பூச்சியிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரே மாதிரி மூன்று பொறி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் புது லூர், ஒன்றில் சந்தேகப்படும் லூர், மூன்றாவதில் எதுவுமே வேண்டாம். ஒன்றின் வாசனை இன்னொன்றைக் குழப்பாதபடி 30 மீட்டராவது இடைவெளி விட்டு, ஒரே உயரத்தில் கட்டுங்கள். மூன்று ராத்திரி கழித்து எண்ணி எழுதுங்கள். பிறகு இடத்தை மாற்றுங்கள்: முதல் பொறி இரண்டாவது இடத்துக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு, மூன்றாவது முதலிடத்துக்கு. மூன்று பொறியும் மூன்று இடத்திலும் நின்று முடிக்க 9 ராத்திரி ஆகும். இட மாற்றத்தை விட்டுவிட்டால் சோதனையே வீண். ஒரு மூலையில் பூச்சி எப்போதுமே அதிகமாக இருக்கும், அங்கே நின்ற பொறிதான் நல்ல பொறி என்று தோன்றிவிடும்.

புதுசில் 40, பழசில் 38, வெறும் பொறியில் 1 என்று வந்தால் பழைய லூர் இன்னும் ஓடும். புதுசில் 40, பழசில் 6 என்றால் மாற்றுங்கள். புதுசும் பழசும் வெறும் பொறியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் வாங்கிய இரண்டுமே சரக்கில்லை, அல்லது வேறு பூச்சியின் லூர். கடைக்காரரிடம் பேச இந்த மூன்று எண்ணும் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பொறி நிறைய ஈ, பழத்தில் நிறையப் புழு

இதுதான் மனசை உடைக்கிற அறிகுறி. மாந்தோப்பிலும் கொய்யாவிலும் இதுவே முதல் புகார். பொறியைத் திறந்தால் ஈ மேட்டுக்குக் குவிந்திருக்கும். பழத்தை வெட்டினால் நெளியும்.

பொறியில் கிடப்பது எல்லாமே ஆண். பழத்தில் துளை போட்டு முட்டை வைப்பது பெண். பெண்ணுக்கு மிதைல் யூஜினால் மேல் பெரிய நாட்டம் கிடையாது. அப்படியானால் ஆணைப் பிடித்து என்ன லாபம்? இணை சேர ஆள் இல்லாமல் பெண் வைக்கும் முட்டை பொரிக்காது, அதுதான் கணக்கு. ஆனால் ஒரு ஆண் பல பெண்களோடு சேரும். நூற்றில் எண்பது ஆணைப் பிடித்தாலும் மிச்சம் இருபது அந்த வேலையை முடித்துவிடும். அநேகமாக எல்லா ஆணும் போனால்தான் முட்டை குறையத் தொடங்கும்.

இந்த ஈக்கு மிதைல் யூஜினால் மேல் ஏன் இவ்வளவு வெறி என்பதற்குக் காரணம் தெரியும். ஆண் அதை நக்கித் தின்று, உடம்புக்குள் மாற்றி, பெண்ணை ஈர்க்கும் தன் சொந்த வாசனையைச் செய்துகொள்கிறது. தின்ற ஆணுக்குத்தான் பெண் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இதில் நம் தோட்டத்துக்கு ஒரு பாடம் உண்டு. பொறிக்குள் ஈயைக் கொல்லும் மருந்து தீர்ந்துபோய், லூர் மட்டும் மிச்சமிருந்தால், ஆண்கள் வந்து தின்றுவிட்டு முன்னைவிட மிடுக்காகத் திரும்பிப் போகும். அப்படிப்பட்ட பொறியைக் கட்டுவதைவிடக் கட்டாமலே இருக்கலாம்.

பலகைத் துண்டு முறையில் கட்டுகிறவர்களுக்கு இது முக்கியம். பழைய கையேடுகளில் ஆல்கஹால், மிதைல் யூஜினால், பூச்சிமருந்து மூன்றையும் 6:4:1 கணக்கில் கலந்து பிளைவுட் துண்டை ஊறவைக்கச் சொல்லியிருப்பார்கள். மருந்தாக டைக்ளோர்வாஸைச் சொல்லியிருப்பார்கள். கடையில் 'நுவான்' என்று கேட்டு வாங்கினோமே, அதுதான். 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் அதற்குத் தடை. பழைய குறிப்பைப் பார்த்து இன்னும் தேடி அலையாதீர்கள். ஊறவைத்த துண்டு ஆயத்தமாகவே கிடைக்கிறது.

ஆணை ஒழிப்பது நடக்காத காரியமும் இல்லை. பழ ஈ ஆண்களை இந்த வாசனை இழுப்பதை முதலில் எழுதியவர் நம் நாட்டிலேயே, பிகாரின் பூசாவில் இருந்த ஹவுலெட். 1912இல் சிட்ரொனெல்லா எண்ணெயில் தொடங்கி, 1915இல் ஈர்ப்பது மிதைல் யூஜினால் என்று காட்டினார். ஐம்பது வருடம் கழித்து, பசிபிக் கடலில் ரோட்டா என்ற தீவில், மிதைல் யூஜினாலும் மருந்தும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து தூவி அந்த ஈயை அடியோடு இல்லாமல் செய்தார்கள். ஆனால் அது தீவு. சுற்றிக் கடல், வெளியிலிருந்து புது ஈ வர வழியில்லை. உங்கள் ஒன்றரைக் காணி கொய்யாவைச் சுற்றிப் பக்கத்து வீட்டு மாமரம், சுடுகாட்டு நாவல், ரோட்டோர இலந்தை எல்லாம் இருக்கிறது. வெளியே இணை சேர்ந்துவிட்ட பெண் வேலி தாண்டி வந்து முட்டை வைத்தால் உங்கள் பொறி அதைத் தடுக்காது.

ஆகவே திருத்தம் பொறியில் மட்டும் இல்லை. காய் பருக்கும் முன்பே, மாவுக்கு அறுவடைக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே பொறியைக் கட்டுங்கள். பழம் மணக்க ஆரம்பித்த பிறகு கட்டுவது தாமதம். விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்குங்கள். பழத்திலிருந்து இறங்கும் புழு மண்ணுக்குள் சில விரல்கடை ஆழத்தில் கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறையாக வெளியே வரும். பொறுக்கியதை வேலியோரம் கொட்டாமல் கெட்டியான பாலிதீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள், இல்லையேல் ஆழமாகப் புதையுங்கள். மரத்தடி மண்ணைக் கொத்திவிடுங்கள். அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்கள் நாலு பேர் ஒரே வாரத்தில் கட்டினால் உங்கள் ஒருவர் பொறியை இரட்டிப்பாக்குவதைவிடப் பலன் அதிகம்.

பெண்ணையும் பிடிக்க வேண்டுமென்றால் வாசனையை மாற்ற வேண்டும். முட்டை முற்றுவதற்குப் பெண்ணுக்குப் புரதம் தேவை, அதைத் தேடி அலையும். பந்தல் காய்கறிக்கு ஈரக் கருவாட்டுத் தூள் வைத்த பொறி இந்தக் கணக்கில் வந்ததுதான், ஆணும் பெண்ணும் இரண்டும் விழும். கடலூர் முதுநகரில் கருவாட்டுக்குப் பஞ்சமா என்ன? ஒரு பொறிக்கு 5 கிராம் போதும். ஆனால் ஈரம் காய்ந்தால் வாசனையும் போச்சு. அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டும், நாய், பூனை எட்டாத உயரம் வேண்டும். ஹெக்டேருக்கு 50 பொறி சொல்வார்கள், ஆள் வேலை உண்டு. துளசியைக் கசக்கித் தேங்காய்த் தொட்டியில் வைப்பதும் ஓரளவு வேலை செய்யும், துளசி வகைகளில் இந்த யூஜினால் வாசனைகள் உண்டு. ஓரிரு நாளில் மணம் போய்விடும், வீட்டு முற்றத்து ஒற்றை மரத்துக்குச் சரி.

விழுவது நம்ம பூச்சிதானா?

வேப்பூர், மங்களூர் ஒன்றியப் பக்கம் மக்காச்சோளக்காரர்களுக்கு இது அவசியம். படைப்புழு இந்தியாவில் முதலில் தென்பட்டது 2018இல், கர்நாடகத்தில். அதே பருவத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்குள் இறங்கிவிட்டது. அதன் லூர் கட்டிய பொறியில் வேறு புல்வெளிப் புழுக்களின் அந்துப்பூச்சியும் விழும், தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பு. ஒவ்வொன்றாகப் பிரித்து வையுங்கள். படைப்புழு ஆணின் முன்னிறக்கை நுனியில் தெளிவான வெளிர்த்திட்டு இருக்கும், நடுவில் சாய்ந்த வெளிர் நீள்வட்டம் இருக்கும். வைக்கோல் நிறத்தில் வேலைப்பாடு இல்லாமல் இருப்பது வேறு பூச்சி, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். செதில் உதிர்ந்து அடையாளம் தெரியாததைத் தனியாக "தெரியாது" என்று எழுதுங்கள். வாரக் கடைசியில் ஒரே தடவை திறந்தால் எல்லாமே "தெரியாது" ஆகிவிடும்.

தேனீ விழுந்தால் பொறியின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளும் வெள்ளையும் அவற்றை இழுக்கும்.

நேற்றுவரை விழுந்தது, திடீரென்று நின்றுவிட்டது

மருந்தடித்தீர்களா? அடித்திருந்தால் பறந்துகொண்டிருந்த ஆண்கள் செத்திருக்கும், அதனால் பொறி காலி. காய்க்குள் இருக்கும் புழு சாகவில்லை, இரண்டு வாரத்தில் அது பூச்சியாகித் திரும்ப விழும். பொறி காலியானதைப் பார்த்து "மருந்து கேட்டுது" என்று முடிவு செய்ய இதனால்தான் கூடாது.

அடிக்கவில்லையென்றால் பசை அட்டையைத் தொட்டுப் பாருங்கள். சாலையோர வயலில் மண் தூசி படிந்து பசை செத்திருக்கும், அல்லது செதிலும் இறக்கையும் மூடியிருக்கும். தண்ணீர்ப் பொறியில் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது கூட்டுப்புழுவாக மண்ணில் கிடக்கும் இடைவெளியாகவும் இருக்கலாம். அப்படியானால் ஏழு, பத்து நாளில் மறுபடி ஏறும்.

ஐப்பசி, கார்த்திகையில் கதையே வேறு. அடைமழை ராத்திரியில் பூச்சி பறக்காது. புனல் பொறியின் பையில் தண்ணீர் நின்று அழுகும். அடியில் சின்ன ஓட்டை போடுங்கள். மூடித் தகடு காற்றில் போயிருந்தால் லூரை மழை நேராக அடிக்கும்.

இறக்கை மட்டும் கிடக்கிறது, உடம்பைக் காணோம்

எறும்பு, பல்லி, இரட்டைவால் குருவி. பொறி கட்டிய குச்சியில் கிரீஸ் தடவுங்கள், செடி இலை பொறியைத் தொடாமல் பாருங்கள். இறக்கையை எண்ணி நாலால் வகுத்துக் கணக்கெழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தப்பில்லை.

பொறிக்குப் பக்கத்துத் தென்னையே அதிகம் அடிபடுகிறது

இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை. காண்டாமிருக வண்டுக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கும் உள்ள லூர், பெண்ணின் வாசனையால் ஆணை இழுக்கும் அந்துப்பூச்சி லூரைப் போன்றதில்லை. இங்கே வாசனை விடுவது ஆண். "இங்கே சாப்பாடு இருக்கிறது, வாங்க" என்று கூட்டம் கூட்டும் வாசனை அது. ஆணும் வரும், பெண்ணும் வரும், பெண்தான் அதிகம். முட்டை வைக்கும் பெண்ணையே பிடிக்கிறோம் என்பதால் இந்தப் பொறி மிகப் பயனுள்ளது. ஆனால் வருகிற வண்டு எல்லாம் நேராக வாளிக்குள் குதிப்பதில்லை. பத்தடி தள்ளியிருக்கும் இளங்கன்றில் இறங்கிக் குருத்தைத் துளைப்பதும் உண்டு.

அதனால் வாளியைத் தோப்புக்கு நடுவில், அதிலும் பத்து வருடத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கிடையில் கட்டவே கூடாது. தோப்பின் ஓரம், மரம் இல்லாத வரப்பு, களத்து மேடு நல்ல இடம். ரைனோ லூர் இரண்டு ஹெக்டேருக்கு ஒன்று போதும் என்பதுதான் பரிந்துரை. அதிகம் கட்டினால் ஊரார் வண்டையெல்லாம் நீங்கள் விருந்துக்கு அழைத்தது போலாகும். நாலைந்து தோப்புக்காரர்கள் பேசி எல்லையில் கட்டுவது உத்தமம். பாகூர் பக்கம் தோப்பும் வயலும் மாறி மாறி இருப்பதால் இதற்கு இடம் கிடைக்கும்.

கூன்வண்டு வாளியில் லூர் மட்டும் போட்டால் பிடிப்பு சொற்பம். கரும்புத் துண்டோ அன்னாசித் தோலோ பேரீச்சையோ கொஞ்சம் ஈஸ்ட்டோடு தண்ணீரில் புளிக்க வேண்டும். லூர் தூரத்திலிருந்து அழைக்கும், புளித்த வாசனை பக்கத்தில் வந்ததை உள்ளே இறக்கும். ஒரு வாரம், பத்து நாளில் இரையை மாற்றுங்கள். தண்ணீர் வற்றிய வாளிதான் "வண்டு விழல" என்ற புகாருக்கு முதல் காரணம். வாளியின் வெளிப்புறம் சொரசொரப்பாக இருக்க வேண்டும், கூன்வண்டு ஏறித்தான் உள்ளே இறங்கும். சாக்குத் துணி சுற்றலாம். உள்பக்கம் வழுவழுப்பாக இருக்கட்டும்.

லூர் வாங்கக் காசில்லையென்றால் காண்டாமிருக வண்டுக்கு ஆமணக்குப் புண்ணாக்கு இருக்கிறது. ஒரு கிலோவை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து வாயகன்ற மண்சட்டிகளில் தோப்பில் வையுங்கள். நாற்றம் நமக்கு, வண்டுக்கு மணம்.

இவ்வளவும் செய்து வண்டு வாரா வாரம் அதே எண்ணிக்கையில் விழுந்துகொண்டே இருந்தால், அது உங்கள் எருக்குழியிலிருந்து வருகிறது. தோப்புக்குள் மக்கும் எருவும் சாய்ந்த தென்னங்கட்டையும்தான் அதன் புழு வளரும் இடம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது விழுந்த மரங்களை நினைத்துப் பாருங்கள். அகற்றாமல் விட்ட ஒவ்வொரு கட்டையும் வண்டுக்குத் தொட்டில். எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள், மெட்டாரைசியம் பூசணத்தை எருவில் கலந்துவிடுங்கள். காண்டாமிருக வண்டு போட்ட ஓட்டை வழியாகக் கூன்வண்டும் நுழையும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை இருக்கிறது, என்ன செய்வது என்று தெரியவில்லை

ஒரு ராத்திரி 20 விழுந்ததும் மருந்துக் கேனைத் தூக்குவது பதற்றம். தொடர்ச்சிதான் கணக்கு. பருத்தி இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு ஒரு பொறிக்கு ஒரு ராத்திரிக்கு 8 பூச்சி வீதம், தொடர்ந்து மூன்று நாள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். எல்லாப் பயிருக்கும் இப்படித் தெளிவான எண் கிடையாது. கத்திரியில் நான் பார்ப்பது ஏற்றத்தை: வழக்கமாக 2, 3 விழும் பொறிகளில் எல்லாம் ஒரே வாரத்தில் இரட்டிப்பானால், முட்டை பொரிக்க மூன்று முதல் ஐந்து நாள், புழு காய்க்குள் புகும் முன்பான அந்த இடைவெளியில் வேப்பெண்ணெயோ வேறெதுவோ அடித்தால்தான் படும். உள்ளே போன பிறகு அடிப்பது காய்க்குத்தான், புழுவுக்கு இல்லை. குருத்து வாடியதைக் கிள்ளி எரிப்பதை வாரம் ஒருமுறை எப்படியும் செய்யுங்கள்.

பிடித்தே குறைக்க நினைத்தால் கத்திரியில் 10 மீட்டருக்கு ஒன்று, அதாவது ஏக்கருக்கு 40. படைப்புழுவுக்கு நோட்டம் பார்க்க ஏக்கருக்கு 5, பிடிக்க 15. செலவைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எலி இரையைத் தொடவே இல்லை

பூச்சியோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் நெல் வயல்காரர்கள் விடமாட்டார்கள். எலியும் மூக்கால் வாழும் பிராணிதான், வாசனையை வைத்து அதை ஏமாற்றுவதுதான் கஷ்டம். புதிதாக எதைப் பார்த்தாலும் ஒதுங்கும். ஒரு வாய் தின்று உடம்பு கெட்டால் மறுபடி அந்த வாசனைப் பக்கமே போகாது. தின்றுவிட்டு வந்த எலியின் மூச்சை முகர்ந்து மற்ற எலிகள் "இது தின்னத் தகுந்தது" என்று கற்றுக்கொள்ளும் என்பதும் ஆய்வில் கண்டது. மூச்சில் உள்ள கார்பன் டைசல்ஃபைடு என்ற பொருள்தான் அதற்குச் சாட்சி.

இதிலிருந்தே வழி கிடைக்கிறது. முதல் நாள் சாயங்காலம் வளைகளை மண்ணால் அடையுங்கள். மறுநாள் திறந்திருப்பதுதான் ஆளிருக்கும் வளை. நண்டு வளையை இதில் சேர்த்துவிடாதீர்கள், அதன் வாயில் ஈர மண் உருண்டை இருக்கும். அந்த வளைகளில் இரண்டு மூன்று நாள் விஷமில்லாத இரை: பொரியோ நொய்யோ, கொஞ்சம் கடலை எண்ணெய் பிசறி. அதைத் தின்னப் பழகிய பிறகுதான் துத்தநாக பாஸ்பைடு: 49 பங்கு இரைக்கு 1 பங்கு மருந்து, அதே இரை, அதே எண்ணெய். பழக்காமல் முதல் நாளே விஷம் வைத்தால் நாலு எலி சாகும், மிச்சம் எல்லாம் உஷாராகிவிடும். அந்தப் பருவம் முழுக்க அந்த இரை செல்லாது. அப்படி ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் புரோமடியோலோன் கட்டிக்கு மாறுங்கள். அது சாவகாசமாகக் கொல்வதால் எலிக்கு எதனால் என்று புரியாது.

கதிர் பால் பிடித்த பிறகு எந்த வாசனையும் எடுபடாது. வயல் முழுக்க விருந்து இருக்கும்போது உங்கள் பொரியை யார் தேடுவார்? கதிர் உருவாவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், தப்பினால் தஞ்சாவூர்க் கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறிதான். விஷ இரையை வரப்பில் தூவாமல் வளைக்குள் தள்ளி வாயை மூடுங்கள், மயில் பொறுக்கும். கலக்கிய சட்டியும் குச்சியும் அந்த வேலைக்கே இருக்கட்டும். மறுநாள் காலையிலேயே போய் வெளியே செத்துக் கிடக்கும் எலியையும் மிச்ச இரையையும் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள், நாயும் ஆந்தையும் வரும் முன்.